சொந்த வீட்டில் இரண்டு ரக்அத்

கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் என் பெயருக்குக் கீழே ‘ரோவர்’ என்று ஒரு சொல் இருந்தது. நான் வெளிநாடு போனது வாட்ச்மேன் வேலைக்குத்தான். மற்ற வாட்ச்மேன்களுக்கு ஒரு கேட், ஒரு கொட்டகை என்று சொந்தமாக இருக்கும். எனக்கு அது கிடையாது. யார் ஊருக்குப் போனாலும், யார் காய்ச்சலில் படுத்தாலும், அந்த இடத்துக்கு என்னை வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். நாலு நாள் ஓரிடம், ஒரு வாரம் இன்னோரிடம். நடுவே நாள் முழுக்க ஓடினாலும் தீராத மணல். இரண்டரை வருஷம் இப்படிப் போனது.

முதல் லீவில் வந்தபோது, ஐந்தாவது படிக்கிற என் மகள் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு டிக்‌ஷனரியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“அலைஞ்சு திரியிறவன்னு போட்டிருக்கு அத்தா. அப்புறம், கடல் கொள்ளைக்காரன்.”

“அட, அது வேறயா?”

“சந்திரன்ல ஓட்டுன வண்டிக்கும் இதான் பேரு, டீச்சர் சொன்னாங்க. எங்க இங்கிலீஷ் புக்குல ஒரு நாய்க்குக்கூட ரோவர்னுதான் பேரு.”

சோறு வடித்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பாமலே சொன்னாள்: “அந்த நாயாவது வூட்டு வாசல்ல கெடக்கும்ல.” சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தவ்பா, தவ்பா. சும்மா சொன்னேங்க.”

நானும் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் வெளிநாடு போனவனைச் சபுராளி என்பார்கள். சபுர் என்றால் பயணம். அந்தச் சொல்லில் கொஞ்சம் மரியாதை உண்டு, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். டிக்‌ஷனரியில் அந்த மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

என் மனைவிக்கு அந்த லீவில் ஒரே ஓர் ஆசை. நான் திரும்பிப் போகக் கூடாது. அவள் தம்பி திருவிடைமருதூர் ரோட்டில் போர் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை போட்டுக்கொண்டிருந்தான். ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாமல் எல்லாரும் போர் இறக்கத் தொடங்கிய காலம் அது. கடையில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும், மச்சான் இருந்தால் நல்லது என்றான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். நான் “பார்ப்போம்” என்றேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நான் போகவர டிக்கெட் போட்டுத்தான் வந்திருந்தேன், திரும்பும் தேதி கையில் இருந்தது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எந்த ஆணியில் சட்டையை மாட்டுவது என்று தெரியாமல் பெட்டியிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டேன். காலையில் பசியாறியதும் கால் பரபரக்கும். ஒரு நாள் ஒரு காரியமும் இல்லாமல் திருப்பனந்தாள் போய், ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அந்தப் புதன்கிழமை கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வருவதற்குள் பள்ளிவாசலில் லுஹர் ஜமாஅத், மதியக் கூட்டுத் தொழுகை, முடிந்துவிட்டது. கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வீட்டுக் கூடத்திலேயே தொழ நின்றேன்.

லுஹருக்கு நான்கு ரக்அத்; நின்று, குனிந்து, தரையில் நெற்றி வைக்கும் சுற்று நான்கு. பயணத்தில் இருப்பவன் அதை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்குவேன் என்ற உறுதி இல்லாதவன் பயணிதான் என்று எங்கள் கேம்ப்பில் ஓதிப் படித்த ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு எங்கேயும் அந்த உறுதி இருந்ததில்லை. அதனால் அங்கே தனியாகத் தொழும்போதெல்லாம் இரண்டுதான். ஊர்க்கார இமாமுக்குப் பின்னால் நின்றால் மட்டும் அவரோடு நான்கு.

அன்று என் வீட்டில், என் பிள்ளை பிறந்த கூடத்தில், இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டேன்.

பின்னால் சோற்றுத் தட்டோடு அவள் நின்றிருந்தாள்.

“ரெண்டுலயே முடிச்சிட்டீங்க.”

“மறதி புள்ளே.”

“வந்து இருவது நாளாவுது. பள்ளியில இமாமுக்குப் பின்னால நின்னீங்க, தெரியல. தனியா நின்னதும் தெரிஞ்சுபோச்சு.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். தொழவைக்கிற ஹஜ்ரத் அப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“திருப்பித் தொழுதுருங்க தம்பி. சொந்த ஊருல சுருக்கக் கூடாது.”

“நான் சீக்கிரம் போற ஆளு, ஹஜ்ரத்.”

“நாளைக்கே பொறப்பட்டாலும் முழுசுதான். எத்தன நாளு தங்குறேன்னு மனசுல வைக்கிற நிய்யத்து வெளியூருக்குத்தான். ஊரு எல்லைய மிதிச்சிட்டா அந்தக் கேள்வியே கெடையாது. நீங்க இந்த ஊருக்காரரு.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மார்க்கம் என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் ஊர்க்காரன் என்கிறது. நான் அல்லாஹ்வின் முன்னால் விருந்தாளி மாதிரி நின்றுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து நான்கு ரக்அத்தையும் நிதானமாகத் தொழுதேன். துஆவுக்குக் கை ஏந்தினேன், கேட்பதற்கு ஒன்றும் வாயில் வரவில்லை. எழுந்துபோய் அவளிடம் சொன்னேன்.

“டிக்கெட்டு போட்டுத்தான் வந்தேன். அடுத்த மாசம் போகணும்.”

அவள் ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். அழவில்லை.

“இத வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ இருக்கச் சொல்லுவே. நீ சொன்னா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது.”

“இப்ப மட்டும் வந்துச்சாக்கும்” என்றாள். சோறு போட்டாள். நான் கை கழுவும்போது சொன்னாள்: “தம்பிகிட்ட நீங்களே போயி சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன். நான்தான் வருவாங்கன்னு சொல்லி வச்சேன்.”

அப்போதே போனேன். கடைக்குள் ஆசாரி அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். மைத்துனன் என்னைப் பார்த்ததும், “வாங்க மச்சான், கடையப் பாருங்க” என்றான். நான் நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. “நீங்க இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் மச்சான். அக்காதான் கேக்கல. நேத்து சாயந்தரம்கூட வந்துச்சு. மேசைய நல்லா உள்ள தள்ளிப் போடுடா, மணல்லயே வெந்தவங்க, இனிமேலாவது நெழல்ல ஒக்காரட்டும்னு சொல்லிட்டுப் போச்சு.”

மேசை உள்ளே, சுவரோரமாகக் கிடந்தது. மைத்துனன் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டான்.

“செத்த ஒக்காருங்க. டீ வரட்டும்.”

அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே வந்தேன். பாங்கு சொல்ல இன்னும் முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது.