கைக்குழந்தையோடு ஓர் ஆர்.என்.ஏ. மாநாடு

விஞ்ஞானிகளை மாநாட்டுக்கு அனுப்பிவைக்கிற வேலை, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற வேலை மாதிரி: எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், நமக்கு இலை இருக்காது. டிக்கெட், ரூம், விசா என்று அல்லாடும் சக ஜீவன்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரகடத்தில் ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அதுதான் உத்தியோகம்.

முதல் கவலை

ஜெனிஃபர் பக்கத்து ஊரான வடக்குப்பட்டுப் பெண். எங்களிடம் பி.எச்டி. செய்கிறாள். செல்லுக்குள் ஆர்.என்.ஏ. எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கென்றே பெங்களூரில் நடக்கும் மாநாட்டில் பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற மாணவர்களுக்கெல்லாம் சுவரில் ஆராய்ச்சிப் போஸ்டர் ஒட்ட இடம், இவளுக்கு மேடை! இந்த வாய்ப்பை விட்டால் மறுபடி எப்போது வருமோ.

மூச்சு வாங்க ஓடி வந்தாள். "நான் போயிட்டா என் செல்லுங்களுக்கு யாருக்கா சாப்பாடு வெப்பாங்க? ஒரு வேள தவறினா அவ்ளோதான்." கண்ணாடித் தட்டில் வளர்க்கிற செல்லைத்தான் சொல்கிறாள். அதற்குத் தோழி ஒருத்தியைப் பிடித்துக் கொடுத்தேன். பிறகு, "அதெல்லாம் சரி, பால் குடிக்கிற புள்ளைய என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள்.

"ஐயோ அக்கா, அத யோசிக்கவே இல்லியே!"

லீவு

மாநாட்டுக்காரர்கள் அனுப்பும் மெயிலைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே பிறவி நான்தான். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குத் துணையாள் ஒருவரின் செலவையும் அவர்களே ஏற்பார்கள் என்று அடியில் இருந்தது. ஜெனிஃபரின் கணவர் அந்தோணி போவதாக ஏற்பாடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்கே கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் வேலை.

கிளம்புவதற்கு முதல் நாள், ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு என் முன்னால் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"லைன்ல ஆளு கொறையுதுன்னு லீவ கேன்சல் பண்ணிட்டாங்கக்கா. அவ அழக்கூட மாட்டேங்கா, அதான் பயமா இருக்கு. நீங்க போய்ட்டு வாங்களேன்க்கா!"

ஒரு மங்கலான கோடு

போனேன். இத்தனை பேரை அனுப்பியிருக்கிறேனே தவிர, மாநாட்டைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். எங்கள் ஊரான படப்பையில் நாலு பேர் கூடினால் பிளாட் விலை பேசுவோம். இங்கே நாலு பேர் கூடி, ஒரு படத்தில் மங்கலாகத் தெரிந்த கோடு நிஜமா இல்லையா என்று மூக்கு விடைக்கச் சண்டை போட்டார்கள். எல்லாம் சின்னஞ்சிறுசுகள். காபி ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் தொடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன்.

சண்டையில் தோற்ற ஒரு மதுரைப் பையன் என் பக்கம் திரும்பினான். ஆறுதல் சொல்லலாமா என்று பார்த்தால், அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு வருஷமா நான் நெனச்சதெல்லாம் தப்புக்கா. நல்லவேள, இங்க வந்தேன்!"

மேடை

ஜெனிஃபர் மேடையேறியதும் பிள்ளை வீறிட்டான். கிலுகிலுப்பை, தட்டிக்கொடுத்தல், எதுவும் பலிக்கவில்லை. கெடுத்தேனே காரியத்தை என்று கதவைப் பார்த்து ஓடினேன். "அக்கா, இங்க குடுங்க" என்று மைக்கில் அவள் குரல் வந்தது. இடுப்பில் பிள்ளை, கையில் மைக். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மாற, ஒரு வார்த்தை தடுமாறாமல் பேசினாள். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை, ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியர். அந்தத் துறைக்கே பெரியவர் என்று ஜெனிஃபர் சொல்லியிருந்தாள். அவர் எழுந்து ஏதோ கேட்டார். அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு, தெரியாது என்றாள். அவர் ஆங்கிலத்தில் சொன்ன பதில் எனக்கே புரிந்தது.

"எனக்கும் தெரியாதும்மா. கண்டுபிடிச்சா மொதல்ல எனக்குச் சொல்லு."

தெரியாது என்று தைரியமாகச் சொல்வதற்குத்தான் இவர்கள் இத்தனை தூரம் போகிறார்கள் என்பது, இவ்வளவு காலம் டிக்கெட் போட்டுக் கொடுத்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.