அதெல்மோவின் மூன்று நாள் விடுமுறை

அறுபத்தொரு வயது வரைக்கும் அதெல்மோ சித்தப்பா கடலைப் பார்த்து உட்கார்ந்ததே கிடையாது. இத்தாலியக் கடலோரத்தில், கொர்னிலியா கிராமத்தின் மலைச்சரிவில் திராட்சை வளர்ப்பவர்களுக்கு முகம் மலைப் பக்கம், முதுகு கடல் பக்கம். பூச்சு எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள்தான் அங்கே மண்ணைத் தாங்கி நிற்கின்றன. மழைக்கு ஒன்று சரிந்தால் மறுநாள் விடிகாலையில் அவர் அங்கே நிற்பார், அது யாருடைய சுவராக இருந்தாலும் சரி.

ஒரியெத்தா சித்தி, என் அம்மாவின் தங்கை, முப்பத்தைந்து வருடமாக வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தின் ஓரமாகப் போகும் பாதையில் முதுகுப்பையும் கைத்தடியுமாக ஜோடி ஜோடியாக வெளியூர்க்காரர்கள் நடந்து போவார்கள். சாயங்காலம் எங்கேயாவது உட்கார்ந்து ஒயினை ருசி பார்ப்பார்கள். அவளும் கூடை சுமந்து அதே பாதையில்தான் நடந்தாள். ஆனால் யாரும் அவளை உட்காரச் சொல்லி ஊற்றித் தந்ததில்லை.

இந்த வருடம் அறுவடை முடிந்ததும் கறாராகச் சொல்லிவிட்டாள். மூன்று நாள் நடை. மூன்றாம் நாள் ராத்திரி போர்த்தோவேனெரே துறைமுகத்து உணவகத்தில், முன்கூட்டியே சொல்லி வைத்த மேஜையில் சாப்பாடு.

"வழியில ஒரு கல்லைத் தொட்டேன்னு வை, நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல உன்கூட எங்கேயும் வரமாட்டேன்."

சித்தப்பா ஒப்புக்கொண்டார். முதல் நாள் பதினொரு சரிந்த சுவர்களைக் கடந்தாராம், இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு. இரண்டாம் நாள் ஒரு ஒயின் கூடத்தில், "எப்படி இருக்கு?" என்று முதலாளி ஆசையாகக் கேட்க, "பீப்பாயைக் கழுவி எத்தனை நாளாச்சு?" என்று இவர் கேட்டிருக்கிறார். மேஜைக்கு அடியில் சித்தி உதைத்த உதையில் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. எனக்கே காட்டினார்.

மூன்றாம் நாள் மதியம் அவர்கள் வந்து சேர்ந்தது கம்பிலியாவில் நான் வேலை பார்த்த ஒயின் கூடத்துக்கு. ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, அந்தப் பருவத்துக்கு மட்டும் எலியோ என்பவரிடம் ஒயின் ஊற்றிக் கொடுக்கச் சேர்ந்திருந்தேன்.

"சித்தின்னு கூப்பிடாதே. நாங்க விருந்தாளிங்க. ஊத்து," என்றாள் சித்தி, புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே.

ஊற்றினேன். உப்பிட்ட நெத்திலியும் ரொட்டியும் வைத்தேன். பக்கத்து மேஜையில் ஒரு டச்சுத் தம்பதி ஒயினை முறைப்படி வாயில் சுழற்றி, வாளியில் துப்பினார்கள். சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை.

"துப்புறதுக்காடி நாம முதுகை ஒடிச்சிக்கிறோம்?"

"அது அவங்க பழக்கம். நீ குடி."

முற்றத்தில் நாற்பது தட்டுகளில் திராட்சை உலர்ந்துகொண்டிருந்தது, இனிப்பு ஒயினுக்காக. மூன்று வாரமாக வெயிலில் காய்ந்தவை. ஒரு மழை நனைந்தால் பூஞ்சை பிடித்து அத்தனையும் குப்பைதான். எலியோ பாட்டில்களுக்குத் தக்கை வாங்க நகரத்துக்குப் போயிருந்தார்.

காற்று திரும்பியதை முதலில் கவனித்தது சித்தப்பாதான். மூக்கைத் தூக்கினார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரியெத்தா..."

"சும்மா உக்காரு."

"தெக்குக் காத்து."

"எனக்கும் மூக்கு இருக்கு. சும்மா உக்காரு."

முதல் துளி மேஜை விரிப்பில் விழுந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்தது சித்திதான்.

"என்னய்யா பாத்துட்டு உக்காந்திருக்க? தூக்கு!"

"நான் லீவுல இருக்கேன்."

"அதெல்மோ!"

அந்தக் குரலுக்கு டச்சுக்காரர்கள்கூட எழுந்துவிட்டார்கள். ஐந்து பேரும் ஓடினோம். சித்தப்பா இரண்டிரண்டு தட்டாகத் தூக்க, சித்தி உள்ளே அடுக்க, டச்சுக்காரர் வழுக்கி விழுந்தும் தட்டைக் கவிழ்க்காமல் பிடித்திருந்தார். "இவன் தேறுவான்," என்றார் சித்தப்பா. முப்பத்தொன்பது தட்டு நனையாமல் உள்ளே போனது, ஒன்றுதான் மழையில் மாட்டியது.

அதன்பிறகு மழை கொட்டித் தீர்த்தது. பாதை முழுக்கச் சேறு, இறங்க முடியாது. சித்தி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, கையில் ஒட்டிய திராட்சைப் பிசுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி எங்கேயோ விழுந்து மிதிபட்டிருந்தது.

"உன்கிட்ட எதையும் தொடாதேன்னு சொல்லிட்டு நானே கெடுத்துட்டேன். மேஜை போச்சு. லீவும் போச்சு."

சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு வேலை செஞ்சோமா இல்லையா?"

"செஞ்சோம்."

"அப்ப இது எப்படி லீவாகும்? நீ சொன்னது மூணு நாள். ரெண்டுதான் ஆயிருக்கு. எனக்கு இன்னும் ஒண்ணு வேணும்."

சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டுல காயப்போட்ட நம்ம திராட்சை?"

"என் தம்பி பாத்துக்குவான். ஃபோன் போட்டு மேஜையை நாளைக்கு மாத்தச் சொல்லு. சன்னலோரமா."

அன்று ராத்திரி திரும்பி வந்த எலியோ அவர்கள் தங்க மாடி அறையைத் திறந்துவிட்டார். காலையில் வெயில் அடித்தது. கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அதெல்மோ, அந்தப் பிழியும் இயந்திரம் ரெண்டு நாளா ஒரு மாதிரி சத்தம் போடுது. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறீங்களா?"

சித்தி வாசலில் நின்று அவரையே பார்த்தாள். சித்தப்பா அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். கழுத்துகூட அந்தப் பக்கம் திரும்பியது.

"வேற ஆளைப் பாருங்க," என்றார், சித்தியின் பையையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே. "எங்களுக்கு மேஜை சொல்லி வச்சிருக்கு."