போட்டு வாறன்

காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு கந்தோருக்குக் கிளம்பும் அப்பா, வாசலில் நின்று அம்மாவைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். படலையைத் திறந்து போய்விடுவார். எங்கள் பக்கத்தில் எவரும் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லித்தான் வீட்டை விட்டு இறங்குவார்கள். "போறன்" என்றால் ஒரேயடியாகப் போவதுபோல் ஆகிவிடும். அப்பா இரண்டையும் சொல்லாதவர் ஆனது இரண்டாம் உலக யுத்தகாலத்தில்தான். இந்த வயதிலும் என் பேரன் "போட்டு வாறன்" என்று புறப்படும்போது நான் படலைவரை கூடப் போய்விடுகிறேன்.

அப்போது அப்பா திருகோணமலைத் துறைமுகக் காவல் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். தடைசெய்த கடலுக்குள் வந்து பிடிபட்ட மீனவர்கள் சொல்வதை வெள்ளைக்காரத் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்வது அவர் வேலை. ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதில் அவருக்குத் தலைக்கனமே உண்டு. அரசாங்க உத்தியோகம் என்றால் சும்மாவா!

சல்லிக் கிராமத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் சல்லி மாமாவின் வள்ளம் ஒருநாள் நீரோட்டத்தில் இழுபட்டு உள்ளே வந்து மாட்டிக்கொண்டது. துரை விசாரித்து, எச்சரித்து, விடச் சொல்லிவிட்டார். கதவடியில் மாமா திரும்பிக் கைகூப்பி, "அப்ப போட்டு வாறன் ஐயா" என்றார். என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார். 'போய்விட்டுத் திரும்பி வருவேன்' என்கிறான் என்று அப்பா அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் முகம் சிவந்துவிட்டது. திரும்பவும் வருவானாமா? அது வெறும் மரியாதைப் பேச்சு என்று அப்பா எவ்வளவோ கெஞ்சினார். ஆளைத் தெரிந்தவர் என்பதால் மாற்றிப் பேசுகிறார் என்றார் துரை. மாமாவைத் துறைமுகத்துக்குள்ளேயே அடைத்தார்கள்.

மறுநாள் காலை ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அடைத்த அறை இருந்த இடத்தில் கல்லும் கரியும்தான் கிடந்தன. உடல் கிடைக்கவில்லை. இவ்வளவையும் அப்பா பிற்காலத்தில் ஒரேயொரு முறைதான் எனக்குச் சொன்னார்.

ஆனால் மாமாவின் மனைவி, மாமி, எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கே நினைவிருக்கிறது. அவர் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லியும் இருக்கவில்லை.

"அவர் கடைசியா என்ன சொன்னவர் ஐயா? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

அப்பாவுக்குப் பொய் வரவில்லை. "போட்டு வாறன் எண்டவர்."

மாமியின் முகம் தெளிந்தது. "அப்ப வருவார்," என்றார்.

அவர் பொட்டை அழிக்கவே இல்லை. சந்தையில் அப்பாவைக் கண்டால், "கந்தோரில அவரைப் பற்றி ஏதும் கதை வந்ததோ ஐயா?" என்று கேட்பார்.

"இன்னும் இல்லை" என்பார் அப்பா. அந்த 'இன்னும்' இல்லாமல் பதில் சொல்ல, சாகும்வரை அவரால் முடியவில்லை.