நூற்றிருபது மில்லி

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது என் வேலை. ஓர் அளவை மாற்றினால் மற்றவை சூத்திரப்படி தாமாகவே மாறும்படி பாகங்களை அமைத்து வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஃபோர்மேன் அண்ணாச்சி டேப்பை எடுத்துக்கொண்டு வந்தால், "எல்லாம் தானா மாறிக்கிடும் அண்ணாச்சி, நீங்க வெட்டுங்க" என்பேன்.

கிரானைட் கற்களைக் கப்பலில் ஏற்ற, கிரேனில் தொங்கவிடும் இரும்பு உத்திரம் ஒன்று செய்யக் கொடுத்திருந்தார்கள். அதன் இரு முனையிலும் துளை போட்ட தகடு வரும். காது என்போம். காதின் அகலம் துளையைப் போல இரண்டரை மடங்கு என்று எழுதியிருந்தேன். ஐம்பது மில்லி துளைக்கு நூற்றிருபத்தைந்து வந்தது. கையிருப்பில் இருந்த தகட்டுத் துண்டோ நூற்றிருபதுதான். அஞ்சு மில்லிக்காகப் புதுத் தகடா என்று சூத்திரத்தை அழித்துவிட்டு 120 என்று தட்டினேன். அப்புறம் அதை மறந்தும் போனேன்.

சில வாரம் கழித்து, இன்னும் கனமான கற்களுக்கு இரண்டாவது உத்திரம் கேட்டார்கள். துளையை எழுபத்தாறு ஆக்கினேன். தடிமன், உயரம் எல்லாம் மாறின. திரையில் ஒரு சிவப்புக் குறிகூட வரவில்லை. அண்ணாச்சியும் நான் சொன்னபடியே வெட்டிவிட்டார்.

உத்திரம் துறைமுகத்துக்குப் போன அன்று பதினொரு மணிக்கு, வேறொரு வேலைக்காக அதே ஃபைலைத் திறந்தேன். அகலத்தில் மொட்டையாக 120 நின்றது. துளையின் இருபுறமும் ஐம்பத்தேழு மில்லி இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்திரண்டு. அங்கே கல்லுக்குச் சங்கிலி மாட்டுவது என் கணவர். வேலை நேரத்தில் அவர் கையில் போன் இருக்காது.

"அண்ணாச்சி, தூக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் தப்பாப் போட்டுட்டேன்."

அண்ணாச்சி துறைமுக சூப்பர்வைசருக்கு மூன்று தடவை போன் அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. பைக்கை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன். கேட்டில் அவருக்குப் பாஸ் இருந்தது, எனக்கு இல்லை.

வெளியே நின்றேன். மதிலுக்கு மேலே கிரேனின் கை மட்டும் தெரிந்தது. கப்பல் பக்கம் திரும்பியது, வந்தது, மறுபடியும் திரும்பியது. மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. திடீரென்று கை பாதி வழியில் நின்றுவிட்டது. போச்சு என்று நினைத்தேன். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாராவது கத்துகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கயிறு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியும் என் கணவரும் வெளியே வந்தார்கள். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓட்டை முட்டை மாதிரி இழுத்துக் கெடக்கு. இன்னொரு கல்லு தாங்கிருக்காது" என்றார்.

நான் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க எங்கன நின்னீங்க?"

"ஏளா, அழாத. ஒண்ணும் ஆகலல்லா." அவர் கையில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டினார். "மத்த நாள்னா பத்தடி தள்ளித்தான் நிப்பேன். இது நீ போட்ட டிராயிங்னு காலையில சொன்னாவ. அதான் தைரியமா கிட்டக்கவே நின்னேன்."