ஒரு குடந்தான் சார்

எனக்கு எதையும் லேசில் நம்ப வராது. பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குப் பாடம் எடுக்கப் போனதும் அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. பளபளவென்று பைண்டு செய்து வரும் பிராஜெக்ட் எல்லாம் கடையில் வாங்கியது என்பது என் கட்சி. அதனால் இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், 'நீடித்த வளர்ச்சி' பாடத்தைப் புத்தகம் பார்த்து நடத்தாமல் மாணவர்களை வெளியே அனுப்பினேன்.

"கிரிவலப் பாதைக்குப் போங்க. ஒரு கடையில என்ன வீணாகுதுன்னு பாருங்க. அதைக் கம்மி பண்ண ஏதாவது செஞ்சு காட்டுங்க."

மூன்று மாணவிகள் அடி அண்ணாமலையில் ஒரு அம்மாவின் டீக்கடையைப் பிடித்தார்கள். கிளாஸ் கழுவும் தண்ணீரைக் குறைப்பது திட்டம். அவர்களில் ஒருத்தி எழுதிவந்த நோட்டின் முதல் பக்கத்தில், பௌர்ணமி நாள் செலவு ஒரு குடம் என்றிருந்தது. ஊரே திரண்டு மலை சுற்றும் நாளில் ஒரு குடமா? சிவப்பு மையில் 'சுத்தப் புளுகு' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்தம்மா சொன்னதைத்தான் சார் எழுதினேன்" என்றாள் நோட்டுக்காரி. கண் கலங்கியிருந்தது. அதையும் நான் நம்பவில்லை. அவர்களோடு நேரிலேயே போனேன்.

கடைக்கார அம்மா என்னைப் பார்க்கவில்லை, நோட்டுக்காரியின் கையிலிருந்த அளவு டேப்பைத்தான் பார்த்தார்.

"ஒரு குடந்தான் சார். கடையும் ரோட்டுல ஜாஸ்தி வரல. வேணும்னா ஒரு அடி உள்ள தள்ளிக்கிறோம்."

ஆக்கிரமிப்பு எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். நாங்கள் கல்லூரி என்று நான் சொன்னது எடுபடவில்லை. "டேப்பு புடிச்சிகினு வந்தவங்க யாரும் நல்லதுக்கு வந்ததில்ல சார்" என்றார். கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நான்கு டிரம் தண்ணீர் இருந்தது.

அடுத்த பௌர்ணமிக்கு மூவரும் டேப்பை விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் முழுக்க கிளாஸ் கழுவிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்த அம்மா உண்மையைச் சொன்னார், கடையை அளக்கவும் விட்டார். கடைசியாக அலசிய தண்ணீர் முதல் கழுவலுக்கு வருகிற மாதிரி மூன்று தொட்டிகளை வைத்தார்கள். நான்கு டிரம் இரண்டாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்லூரிக் கண்காட்சியில் அந்தக் கடையின் வரைபடத்தை மாட்டினோம். பார்க்க வந்த ஒரு அதிகாரி தொட்டிகளை விட்டுவிட்டு, கடை சாலைக்குள் எத்தனை அடி வந்திருக்கிறது என்று குறித்திருந்த கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"அளவெல்லாம் கரெக்டா? ஒரு காப்பி கிடைக்குமா?"

என்ன எண்ணத்தில் கேட்டாரோ, இன்றைக்கும் தெரியாது.

"அதை நம்பாதீங்க சார். பசங்க உக்காந்த எடத்துலயே போட்ட அளவு" என்றேன்.

நோட்டுக்காரி பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒருமுறை புளுகு என்று சொல்லி அழவைத்தவன் நான். இப்போது மறுத்துப் பேசிவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ நோட்டைப் பிரித்து, சிவப்பு மை தெரிய முதல் பக்கத்தை அதிகாரியிடம் நீட்டினாள்.

"ஆமா சார். பாருங்க, சாரே எழுதியிருக்காரு."