நான்காவது துணி

வேகமாக ஓட்டுவதால் கார் கெட்டுப்போகுமா, பாகங்களை மாற்றிப் போடுவதால் கெட்டுப்போகுமா என்று என் ஷெட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. எனக்குப் பேச வராது. தலையை ஆட்டிவிட்டு போனட்டைத் திறந்துவிடுவேன். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைத்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான் என்றாலும், பேசிச் சொல்வதைவிட எழுதிச் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

என் ஷெட் முடிச்சூர் சாலையில் இருக்கிறது. வருவதெல்லாம் வாடகைக் கார்களும் குடும்பக் கார்களும்தான். இரண்டு வருடம் முன்பு பொழிச்சலூரிலிருந்து ஒரு டீச்சர் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் வண்டி. இரண்டு பேர் ஓட்டி விற்றது, டீச்சர் மூன்றாவது கை. அவர் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவர், வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். முதலில் போன பெரிய ஷெட்டில் "சாரை வரச் சொல்லுங்க மேடம்" என்றார்களாம். நான் எதுவும் கேட்காமல் வேலையைப் பார்த்தது அவருக்குப் பிடித்துவிட்டது என்று பிற்பாடு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நான் கேட்கவில்லை.

டீச்சர் வண்டியை விரட்டுவார். ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் மண்ணிவாக்கம் வழியாகப் படப்பைக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, அதற்கப்புறம் ஒரகடம் வரைக்கும் அகலமான ரோட்டில் ஒரே மிதி. ஆனால் எஞ்சின் ஆயில் சூடேறும் வரை மாட்டுவண்டி போலத்தான் ஓட்டுவார். விரட்டி முடித்ததும் சட்டென்று அணைக்கமாட்டார். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, டர்போவின் சூடு தணிந்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் அந்த டர்போதான் இந்த வண்டிகளில் முதலில் சாகும். புத்தகத்தில் போட்டிருக்கும் கெடுவில் பாதியிலேயே ஆயிலை மாற்றச் சொல்வார். இரண்டு வருடம் விரட்டியும் பிரேக் பேடும் டயரும் தேய்ந்ததைத் தவிர அந்த எஞ்சின் முனகியதில்லை. அதே மாதிரி வண்டியை நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டிய சேலையூர் ஆள் ஒருவர், ஆயிலை மறந்துபோய் டர்போவைக் கொன்றுவிட்டு வந்து நின்றார்.

தொந்தரவு மாற்றங்களில்தான் ஆரம்பித்தது. டீச்சர் ஊருக்குள் ஒரு கடையில் காரின் கம்ப்யூட்டரைத் திருத்தி எஞ்சினுக்குப் பலம் கூட்டி வாங்கிவந்தார். பலம் கூடினால் காற்றின் அழுத்தமும் கூடும். ஆறே மாதத்தில் கம்பெனி போட்ட ரப்பர் குழாய் வெடித்தது. அதனால் அலுமினியக் குழாய்கள் போடலாம் என்று முடிவானது. ஒன்றை மாற்றினால் அது அடுத்ததைக் கேட்கும்.

டர்போவிலிருந்து ஒரு குழாய், காற்றைக் குளிரவைக்கும் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து இன்னொரு குழாய் எஞ்சினுக்குப் போகும். பழைய இரண்டு குழாயையும் கழற்றினால் நான்கு வாய் திறந்துகொள்ளும். திறந்த வாயில் ஒரு நட்டு விழுந்தால் போதும், எஞ்சினே போய்விடும். அதனால் நாங்கள் வாய்க்கு ஒன்றாகத் துணியைச் சுருட்டி அடைத்துவைப்போம். கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட்தான். பூட்டும்போது எடுத்து மேஜைமேல் வரிசையாகப் போட்டுவிடுவேன். அதுதான் எனக்குக் கணக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. முடிந்ததும் வண்டியை வெளிவட்டச் சாலைப் பக்கம் கொண்டுபோய் நன்றாக மிதித்துப் பார்த்திருக்க வேண்டும். எந்த வண்டியானாலும் அப்படித்தான் செய்வேன். அன்று அந்த வண்டியை வெளியே எடுத்ததுமே பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "அண்ணன் இன்னைக்கு ஹீரோடா" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். அந்த வேகத்தில் டர்போ எழுந்திருக்கக்கூட இல்லை. டீச்சர் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை ஷெட்டைப் பெருக்கும்போது மேஜையைப் பார்த்தேன். மூன்று துணிதான் இருந்தது.

மேஜைக்கு அடியில் தேடினேன். வேஸ்ட் மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன். சட்டைப் பை, டூல் டிராயர், குப்பைக் கூடை எதிலும் இல்லை. எந்த வாயில் விட்டேன் என்று யோசித்தால் நான்குமே ஒன்றுபோல நினைவுக்கு வந்தன. பெட்டிக்கு முந்தின வாயென்றால் துணி பெட்டியின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும், பிழைக்கலாம். எஞ்சின் வாயென்றால், டீச்சர் ஒருமுறை அழுத்தி மிதித்தால் போதும், துணி கிழிந்து உள்ளே போகும். அதற்கப்புறம் அந்த வண்டிக்கு எஞ்சின் கிடையாது. ஓடுகிற ஓட்டத்தில் எஞ்சின் இறுகினால் டீச்சரின் கதி என்ன?

போன் செய்தேன். நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஓட்டும்போது அவர் போனைப் பையிலிருந்து எடுக்கமாட்டார், எனக்கே தெரியும். டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன். டீக்கடையில் பிடித்துவிட்டால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டே போனேன்.

படப்பை டீக்கடை வாசலில் கார் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "செவப்பு வண்டி டீச்சரம்மாவா? இப்பதான்ணா போனாங்கோ, பத்து நிமிசம்கூட ஆவல" என்றார். அந்த வண்டிக்குப் பத்து நிமிடம் என்பது ஒரகடத்தையே தாண்டும் நேரம். பைக்கை மறுபடி கிளப்பவும் தோன்றாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து லாரிகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு தெரிந்தது. ஓரமாக, ஆட்டோ வேகத்தில் வந்துகொண்டிருந்தது. டீச்சர் கடை வாசலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, என்னைக் கண்ட ஆச்சரியத்தைக்கூடக் காட்டாமல், மூன்றாவது கியரில் மிதித்தபோது வண்டி மூச்சு முட்டுவது போல இழுக்க மறுத்ததாகவும், சத்தமும் மாறியதால் காலை எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டதாகவும் சொன்னார்.

கடையில் ஆறேழு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னேன்.

"டீச்சர், எஞ்சினை அணைச்சிடுங்க. குழாய்க்குள்ள ஒரு துணியை எடுக்காம பூட்டிட்டேன்னு நினைக்கறேன்."

அவர் அணைத்தார். "நினைக்கறீங்களா அண்ணா, தெரியுமா?"

"நாலு வச்சேன். மூணுதான் இருக்கு."

"அப்ப தெரியும்" என்றார்.

சூடு ஆறட்டும் என்று அவர் சொன்னது காதில் ஏறவில்லை. போனட்டைத் தூக்கி, எஞ்சின் பக்கத்துக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தினேன். மணிக்கட்டு சுட்டுக்கொண்டது. குழாயை விலக்கி, எஞ்சினின் வாய்க்குள் விரலை விட்டுச் சுற்றித் துடைத்தேன். ஒரு நூல்கூட இல்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிறகு கடைக்காரர் கொடுத்த சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். பெட்டிக்குள் காற்று நுழையும் வாயைத் திறந்ததும் வெள்ளையாகத் தெரிந்தது. வலையில் அப்பிக்கொண்டிருந்தது. மெதுவாக உருவி எடுத்துத் தரையில் விரித்துப் பார்த்தேன். பனியனின் கைப்பக்கத் துண்டு, மடித்துத் தைத்த ஓரத்தோடு முழுசாக இருந்தது. எங்கும் பிய்ந்திருக்கவில்லை.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பரிட்சை ஹால்ல பிட்டோட மாட்டின பையன் மாதிரி நிக்கறீங்களே அண்ணா. அவங்களாவது ரெண்டு பொய் சொல்லிப் பார்ப்பாங்க."

டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள், அதனால் ஓட்டவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்வதுதான் துணியைச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"என்னையும்தான் சிக்னலுக்கு சிக்னல் பாக்கறாங்க, பொம்பளை ஓட்டறாளேன்னு. பாத்துட்டுப் போறாங்க, விடுங்க" என்றார்.

இரண்டு கிளாம்ப்பையும் முறுக்கிப் பூட்டினேன். பூட்டும்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் அந்த வண்டிக்கு ஆபத்து அவருடைய காலால் வரும் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலுக்கு வண்டியின் மூச்சு தெரிந்திருக்கிறது, உடனே விலகிக்கொண்டது. அன்று வந்த ஆபத்து என் கையால் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் நன்றாக இருந்த ஒன்றை ஒருவன் திறந்து மூடுவதுதான். அந்த ஒருவன் சனிக்கிழமை சாயங்காலம் வெட்கப்படுகிறவனாகவும் இருந்துவிடலாம்.

இன்றைக்கு இது போதும் என்று வீட்டுக்குப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "இப்ப ஓட்டிப் பாக்கணும் இல்ல?" என்று கேட்டுவிட்டு ஒரகடம் பக்கமே திருப்பினார். நான் ரோட்டோரம் நின்று காதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். கியர் மாற்றும்போதெல்லாம் டர்போ ஒரு பெருமூச்சு விடும். முதல் பெருமூச்சு வந்தது. இரண்டாவது வந்தது. முன்பு மூச்சு முட்டிய மூன்றாவது கியரில் எஞ்சின் ஒரே சீராக ஏறி, தடங்கல் இல்லாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. அடுத்தது கேட்பதற்குள் வண்டி தூரம் போய்விட்டது.

பின்னால் டீக்கடைக்காரர் வந்து நின்றார். "இன்னாண்ணா, பொண்ணை மாமியார் வூட்டுக்கு அனுப்பிச்சா மாதிரி பாத்துகினு கீற" என்றார்.

நல்லபடியாகப் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த பெஞ்சில், எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டேன்.