வேதக்கார டீச்சர்

போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் கால் வைத்தபோதுதான் ஓட்டுநர் சொன்னார்: "சார், நம்ம வேதக்கார டீச்சர் போயிட்டாக." ரோஸ்லின் டீச்சர் என்று சொல்லியிருந்தால் யாரென்று விளங்க எனக்கே ஒரு நொடி பிடித்திருக்கும். மலைப் பள்ளியில் அவர் கணக்கும் நான் தமிழும் நடத்தினோம். பல வருடம் ஒரே ஜீப்பில் போய்வந்தோம். வளைவுகளில் எனக்கு வயிற்றைப் புரட்டும்போது புளிப்பு மிட்டாய் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

சிலமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். போடியில் கடை வைத்திருந்த கிறிஸ்தவரைக் காதலித்து மணந்து, ரோஸ்லின் என்ற பெயரில் ஞானஸ்நானமும் பெற்றார். அன்றிலிருந்து சொந்தங்களுக்கு அவர் வேதக்காரி. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் ஜீப்பில் கேட்டார். தமிழாசிரியன் சும்மா இருப்பேனா? கடல் கடந்து வந்த பாதிரிமார் தங்கள் மறைநூலுக்கும் மார்க்கத்துக்கும் இங்கே மதிப்போடு வழங்கிய 'வேதம்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அதில் சேர்ந்தவர்கள் வேதக்காரர் ஆனார்கள். அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் தங்களையே அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். பள்ளி வரும்வரை அளந்தேன்.

"அப்ப ஏசுறதுக்குன்னு பொறந்த வார்த்தை இல்ல," என்றார்.

ஏன் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைக்க, அவன் அக்காள்தான் முடிச்சுப் போட வேண்டும். வேதக்காரி போடக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். போவதா வேண்டாமா என்று டீச்சர் தவித்திருக்கிறார்.

போனார். மணமேடையில் பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். டீச்சர் கோபப்படவில்லை.

"வேதத்துல சேந்தேன் பெரியப்பா, அது நெசந்தான். அக்கா முறையிலருந்து விலகிட்டேன்னு யாரு சொன்னா?"

அக்கா வராமல் கட்டமாட்டேன் என்று தம்பி தாலியும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். முகூர்த்தம் போகிறதே என்று பெண்வீட்டார் பதறினார்கள். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். டீச்சர் பல்லைக் கடித்து இறுக்கிய முடிச்சை, ஆடியில் தாலிக்கயிறு மாற்றும்போது வீட்டில் ஒருவராலும் அவிழ்க்க முடியவில்லை. அவரே வந்து அவிழ்த்துப் புதுக்கயிற்றில் முடிச்சிட்டார். அதுவே வருடா வருடம் வழக்கமாகிவிட்டது.

அடக்கத்தன்று தம்பி மனைவி பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்: "வர்ற ஆடிக்கு யாரு மதினி எனக்கு முடிச்சுப் போடுவா?"

டீச்சரை அறிந்தவர்களே, ஜீப்பில் நான் அளந்த விளக்கமெல்லாம் கிடக்கட்டும். வேதக்காரர் என்றால் விலகிப்போனவர் அல்ல, சேர்ந்தவர். மணமேடையில் அவர் சொன்ன அந்தப் பொருளைத்தான் நான் வைத்திருக்கிறேன்.